கண்ணிழந்தவர் பாடிய பாட்டு

திருச்சிற்றம்பலம்



இரவி வழிபட்டுப் பேறு பெற்ற தலம் என்று தலவரலாறு போற்றும் இத்திருக்கோயிலில், அருள்மிகு மரகதாம்பிகை உடனாய இரவீசுவரப் பெருமான் திருமுன் விழா நிகழ்கின்றது. வாயிலில் வாழையும் தோரணமும் விளங்குகின்றன. நாகசுரம் மங்கல இசை பொழிந்து இப்போதுதான் ஓய்ந்தது. இவ்வேளையில் அழுகையைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டோம். திருநாளும் அதுவுமாக இழவுப் பேச்சா என்று அன்பர் சிலர் உள்ளத்துள் எண்ணுவது இயல்பே. அவர்களிடம் நாம் ஒன்று கேட்போம். நம் திருமுறைகளில் அருளாளர்கள் நொந்தும் வெந்தும் பாடிய பதிகங்களை எடுத்துத் தனியே வைத்துவிட்டால் எஞ்சுவது எவ்வளவு? எண்ணிப் பார்த்தால், அழுகை நம் சமயத்துக்குப் புறம்பானதன்று என்பது தானே விளங்கும்.

முனிவர் பெயர் தாங்கிய இவ்வியாசர்பாடி நூறாண்டுக்கு மேலாக உழைப்பாளர் ஊராகவே விளங்கி வருகின்றது. பெரம்பூர் இரயில்வே பணிமனைக்கும், துறைமுகத்துக்கும், பின்னி மில் என்று மக்கள் வழங்கிய பக்கிங்காம் கர்நாடிக் ஆலைக்கும் வைகறையில் எழுந்து நடந்தவர்களின் வழித்தோன்றல்களே ஈண்டு அமர்ந்திருப்போரில் பலர். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அவ்வாலைத் தொழிலாளரைக் கொண்டே தோன்றியது. இந்திய நாட்டின் தொழிற்சங்க வரலாற்றை எழுதுவோர் அதனை முதலில் வைத்தே எழுதுகின்றனர். 1990-களில் ஆலை மூடப்பட்டது. ஆலைச் சங்கு ஊதுவது நின்றது. அச்சங்கொலியைக் கேட்டு உலை வைத்த வீடுகள் இன்னும் நிற்கின்றன.

இவ்வூரிலும், புளியந்தோப்பு, இராயபுரம், காசிமேடு முதலிய பக்கத்து ஊர்களிலும் ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால் தெருவிலே பந்தலிட்டு இரவு முழுதும் பாடும் வழக்கம் உண்டு. அதனைக் கானா என்பர். இந்தி, உருது மொழிகளில் பாட்டு என்னும் பொருள்படும் சொல் அது. பல மொழி பேசுவோர் கலந்து உழைத்த துறைமுக நகரிலே அச்சொல் தமிழாகிவிட்டது. இழவு வீட்டிலே பாடப்படுவதற்கு மரண கானா என்று பெயர். ஒரு காலத்தில் மேசைப் பலகையும் தீப்பெட்டியுமே அதற்குத் தாளக் கருவிகள். இன்று டோலக்கும் கீபோர்டும் ஒலிபெருக்கியும் வந்துவிட்டன. பாட வருபவர் இறந்தவரின் பெயர் என்ன, பார்த்த வேலை என்ன, பிள்ளைகள் எத்தனை பேர், உடன் திரிந்த நண்பர்கள் யார் யார் என்று வீட்டாரைக் கேட்டு மனத்தில் வாங்கிக்கொள்வார். பின்பு அப்பெயரை வைத்தே பாட்டைக் கட்டுவார். மூட்டை தூக்கியவரென்றால் மூட்டை பாட்டில் வரும். ரிக்ஷா இழுத்தவரென்றால் ரிக்ஷா வரும். விடியற்காலையில் மீன்கூடை சுமந்த தாயென்றால் கூடை வரும். கூற்றுவனோடு வழக்காடுவதும், யாக்கை நிலையாமையைச் சொல்வதும், இறந்தவர் வாழ்ந்த காலத்தில் செய்த குறும்பைச் சொல்லி அழுதுகொண்டிருப்போரைச் சிரிக்க வைப்பதும் அதிலே உண்டு. தம் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாமல் வாழ்ந்து மறைந்த ஒருவரின் பெயர், அந்த ஓரிரவு மட்டும் பாட்டிலே ஏறுகின்றது.

ஆசாரம் மிக்க அன்பர் சிலர் இப்பாட்டின் ஒலி கேட்டவுடனே சன்னலைச் சாத்திவிடுகின்றனர். அமங்கலம் என்கின்றனர்; இலக்கணம் இல்லாத கூச்சல் என்கின்றனர்; துன்பத்தை ஆற்றாமல் கிளறிவிடும் பாட்டு எதற்கு என்றும் கேட்கின்றனர். இவற்றுள் இறுதியில் உள்ள வினா மதிக்கத்தக்கது. துன்புற்றவனுக்கு இன்பமான பாட்டைத்தானே பாட வேண்டும்? துன்பத்தின்மேல் துன்பம் ஏற்றலாமா?

இதற்கு விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நமக்கு வடகிழக்கே, கடற்கரையிலே இருக்கின்றது திருவொற்றியூர்.

நம்பியாரூரர் அங்கே சங்கிலியாரை மணந்த வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துள் விரித்துரைக்கின்றார். பூத்தொடுத்து இறைவனுக்குப் பணிசெய்து வந்த சங்கிலியார், தம்மைப் பிரிந்து செல்வதில்லை என்று சூளுரைத்தாலன்றி மணத்துக்கு இசையேன் என்றார். இறைவன் திருமுன் சூள் உரைப்பது அஞ்சத்தக்கது என்று எண்ணிய நம்பிகள், அச்சமயம் பெருமான் சந்நிதியை விட்டு மகிழ மரத்தின் கீழ் எழுந்தருளியிருக்க வேண்டும் என்று முன்னரே விண்ணப்பித்துக்கொண்டார். பெருமானோ சங்கிலியார் கனவில் தோன்றி, மகிழின் கீழே சூள் வாங்கிக்கொள் என்று உரைத்துவிட்டார்! தோழர் இருவரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிய அந்த நாடகத்தை மாசி விழாவில் மகிழடி சேவை என்று இன்றும் கொண்டாடுகிறோம். பின்னர் இளவேனில் வந்தது. ஆரூர் விழா நினைவுக்கு வந்தது. நம்பிகள் ஒற்றியூரின் எல்லையைக் கடந்தார். கடந்த அக்கணமே இரண்டு கண்களின் ஒளியும் மறைந்தது.

இதுவரை கதை நாம் அனைவரும் அறிந்தது. அவ்வெல்லையில் நின்று அவர் என்ன பாடினார் என்பதைத்தான் நாம் ஊன்றி நோக்க வேண்டும். ஏழாந்திருமுறையின் 54-ஆம் பதிகம் அது. செய்தது பிழை என்பதை அவர் அறிவார். ஆயினும் அப்பதிகத்திலே நாம் கேட்பது அடக்கமான மன்னிப்பு வேண்டுகோள் மட்டும் அன்று. மூன்று கண் உடைய ஒருவரிடம், இரண்டையும் இழந்த ஒருவர் கணக்கு வழக்குப் பேசுகின்றார். கண்ணைக் கொள்வதுதான் முறையென்றால் ஊன்றிக்கொள்ள ஒரு கோலாவது கொடுத்திருக்க வேண்டாவோ என்கின்றார். சோதிடத்தில் அஞ்சப்படும் சனியோடு தம் உயிர்த்தோழனாகிய பெருமானை ஒப்பிடவும் அவர் நாத் தயங்கவில்லை. அதனினும் மேலாக ஒன்று சொல்கின்றார்: வீட்டிலுள்ள பெண்டிரை ஏதேனும் வேண்டி அழைத்தால், குருடனே போ என்று அவர்கள் விரட்டுவதைத் தம்மால் தாங்க முடியாது என்கின்றார்.

அன்பர்களே, இந்த இடத்தை விரைந்து கடந்துவிடாதீர்கள். கயிலையில் அணுக்கத் தொண்டராய் இருந்தவர், தம்பிரான் தோழர், சேரமான் பெருமாள் என்னும் வேந்தரின் நண்பர். அவர் பாடுவது வீட்டுக்குள்ளே படும் அவமானத்தை! கண் போனதைவிடக் கண் போனவன் என்னும் ஏச்சுச் சொல் அவருக்கு வலிக்கின்றது. படுக்கையில் கிடக்கும் முதியவர்களையும், விபத்தில் காலிழந்து வேலை இழந்த இளைஞர்களையும் கேட்டுப் பாருங்கள். நோயைவிட இச்சொல்லே சுடும் என்பார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இதனை மறைக்காமல் பாடி வைத்தமையால், இன்று அதே ஏச்சைக் கேட்கும் ஒருவன், இதைப் பட்டவன் தான் ஒருவன் மட்டும் அல்லன் என்று அறிந்துகொள்கின்றான்.

அங்கிருந்து அவர் தடவித் தடவி நடந்த வழி வடதிருமுல்லைவாயில், திருவெண்பாக்கம் என்று செல்கின்றது. வெண்பாக்கத்தில், கோயிலுக்குள் இருக்கின்றீரோ என்று தோழரைக் கேட்டார். இருக்கின்றோம், நீர் போம் என்பது போன்ற விடை வந்தது. கையில் ஊன்றுகோல் ஒன்றும் கிடைத்தது. சினந்து அக்கோலை வீசினார், அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பது அத்தலத்தார் கூறும் செய்தி. அப்பழைய கோயில் இருந்த இடம் பூண்டி நீர்த்தேக்கத்தில் அமிழ்ந்துவிட்டமையால் இன்று பூண்டியிலே புதிய கோயில் நிற்கின்றது. நம் வீட்டுக் குடத்திலே நிறையும் நீரில் ஒரு பகுதி நம்பியாரூரர் கண்ணீரோடு நின்ற மண்ணின்மேல் தேங்கி வருவது என்று எண்ணும்போது மெய் சிலிர்க்கின்றது. காஞ்சியில் இடக்கண் ஒளி பெற்றார். வலக்கண் ஆரூரில்தான் கிட்டியது. அங்கே பாடிய 95-ஆம் பதிகத்திலோ சினம் உச்சிக்குச் சென்றுவிடுகின்றது. தாம் ஒற்றிப் பொருள் அல்லர் என்கின்றார். ஒற்றி என்றால் அடகு. அடகுக்கடைப் படி ஏறாத குடும்பம் நம் பகுதியில் அரிதாதலின் இதற்கு உரை வேண்டியதில்லை. கண்ணைப் பறித்ததால் பழி உமக்கே என்றும், மற்றைக் கண்ணையும் தாரீராயின் நீர் நன்றாக வாழ்ந்துகொள்ளும் என்றும் வாழ்த்துப் போன்ற வசையோடு பாடி நிற்கின்றார்.

ஈண்டு இசை நுட்பம் ஒன்றும் காணத்தக்கது. ஒற்றியூரில் பாடியது தக்கேசிப் பண். இன்று ஓதுவாமூர்த்திகள் அதனைக் காம்போதி இராகத்தில் இசைக்கின்றனர். காம்போதி வீறும் பெருமிதமும் நிறைந்த இராகம். ஆரூர்ப் பதிகத்தின் பண் செந்துருத்தி. திருமுறைகளில் அப்பண்ணுக்கு உரிய பதிகம் அது ஒன்றே. அதனை மத்தியமாவதியில் பாடுவர்; கச்சேரி முடிவில் மங்கலம் பாடும் இராகமன்றோ அது! ஆகவே துயரப் பாட்டுக்கென்று குழைந்து விழும் இராகம் வேண்டும் என்பதில்லை. விம்மி விம்மிப் பாட வேண்டும் என்பதும் இல்லை. உள்ளதை உள்ளவாறு சொல்லும் வாய்மையே அப்பாட்டின் உயிர். மங்கல இராகத்தில் வைத்தும் அழலாம் என்பதை நம்பிகள் நமக்குக் காட்டிவிட்டார்.

தொல்காப்பியனார் மெய்ப்பாடு எட்டனுள் அழுகையையும் ஒன்றாக வைத்து, அது பிறப்பதற்கு நான்கு களங்களைக் கூறினார். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. பிறரால் இகழப்பட்டு எளியராதல் இளிவு. உயிரும் பொருளும் இழத்தல் இழவு. முன்னிருந்த நிலை கெட்டு வருந்துதல் அசைவு. வறுமைக்கு விளக்கம் வேண்டா. அவர் இளிவை முதலில் வைத்தார் என்பதை நோக்குக. மரண கானா இழவிலே தொடங்கினாலும் மற்றை மூன்றையும் தொட்டுக்கொண்டுதான் போகின்றது. ஆலை மூடியபின் வேலை இழந்தவரைப் பாடினால் அஃது அசைவு. சாதியின் பெயரால் பட்ட இழிவைப் பாடினால் அஃது இளிவு. 2018 சனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கானாப் பாடகர்களும் பிறரும் சேர்ந்து ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழுவாக மேடையேறி இவ்விளிவையே வெளிப்படப் பாடினார்கள். கேட்டவர்களுள் ஒரு சாரார் மகிழ்ந்தனர். ஒரு சாரார் முகம் சுளித்தனர். இரண்டும் எதிர்பார்க்கத்தக்கனவே.

இனி, துயரப் பாட்டு எவ்வாறு ஆறுதலாகின்றது? துயரத்தில் பெரும்பகுதி தனிமை. என் மகனைப் போல் யார் மகன் போனான், எனக்கு நேர்ந்தது யாருக்கு நேர்ந்தது என்பதே அழுவோர் வாயில் முதலில் வரும் சொல். அந்நேரத்தில் அருகில் வந்து, எல்லாம் நன்மைக்கே, விதியை யார் வெல்ல முடியும் என்று தத்துவம் உரைப்பவர், தம்மை அறியாமலே அழுபவரைத் தனியே நிறுத்திவிட்டுத் தாம் கரையில் ஏறி நிற்கின்றார். உண்மையாக அழும் பாட்டோ நீருக்குள் இறங்கி வருகின்றது. நம் தாய்மார்கள் ஒப்பாரியை நோக்குங்கள். வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு பாடுவார்கள். பக்கத்து வீட்டுக் கிழவர் இறந்ததற்கு அழ வந்த பெண், இரண்டு கண்ணி பாடுவதற்குள் பத்தாண்டுக்கு முன் இறந்த தன் தாயைப் பாடத் தொடங்கிவிடுவாள். அவளை யாரும் தடுப்பதில்லை. ஒரு சாவுக்கு எடுத்த பாட்டிலே பல வீடுகளின் பழைய சாவுகள் வந்து கலக்கின்றன. யாருக்காக அழுகின்றாள் என்று கேட்பது அறியாமை.

மேலைநாட்டாரும் இதனை ஆராய்ந்துள்ளனர். 2014-இல் பெர்லினைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர் 772 பேரிடம் வினவி ஓர் ஆய்வு வெளியிட்டனர். சோகமான இசை எழுப்பும் உணர்ச்சிகளுள் பலரும் மிகுதியாகக் கூறியது சோகத்தை அன்று. பழைய நினைவில் தோயும் ஏக்கத்தையே கூறினர். நம் ஒப்பாரி வட்டத்தில் பத்தாண்டுப் பழைய தாயை நினைத்தவள் இதற்குச் சான்று அல்லளோ? அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள் பாடிய பாடல்களைத் துயரப் பாடல்கள் என்று பெயரிட்டு, தம் நூலின் இறுதி இயலை அவற்றுக்கே உரிமையாக்கினார் டூ பாய்ஸ் என்னும் பேரறிஞர், 1903-இல். பெயரும் ஊரும் உறவும் பறிக்கப்பட்டோரிடத்துப் பாட்டொன்றே பறிபடாமல் இருந்தது.

ஆனால் அழுகின்ற பாட்டெல்லாம் மெய்யான பாட்டாகிவிடாது. கூலிக்கு மாரடித்தல் என்று நம் முன்னோர் இதற்கொரு பெயரே வைத்திருந்தனர். வாழ்நாளெல்லாம் மனைவியை அடித்தவரை மறுநாள் மாணிக்கமே என்று பாடுவது பொய். கானாவிலும் கத்தியைப் புகழ்வன உள. குடியைப் புகழ்வன உள. பெண்களை இழித்துரைப்பன மிகப் பல உள. அவற்றுக்கு நாம் பரிந்து பேச வரவில்லை. இவ்வூரில் பிறந்து திரைப்படத்தால் நாடறிந்தவராகிய கானா பாலா, வியாசர்பாடியைக் களமாகக் கொண்ட ‘மெட்ராஸ்’ படத்தில் 2014-இல் ஓர் இறப்புப் பாட்டைப் பாடினார்; தெருவின் பாட்டு கொட்டகைக்குப் போய்ப் புகழ் பெற்றது நன்றே. எனினும் பந்தலின் கீழே, இறந்தவரின் பெயரைக் கேட்டறிந்து பாடுவதற்கு அது ஈடாகாது. அதே குறையைத் தேவாரத்துக்கும் சொல்லலாம். கண்ணிழந்து கதறிய பதிகத்தை, பொருள் இன்னதென்று எண்ணாமல், அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாயிற்று என்று இரண்டு நிமிடத்தில் ஓட்டிவிடும் மேடைகள் எத்தனை!

ஒற்றியூர்க் கடற்கரையில் மற்றொருவர் உறைகின்றார். பட்டினத்தடிகள் சமாதி கொண்ட இடம் அது. எல்லாப் பற்றும் அறுத்தவர், கோவணமும் பாரம் என்றிருந்தவர், ஈன்ற தாய் இறந்தபோது பறந்தோடி வந்தார். பச்சை வாழை மட்டையை அடுக்கிப் பாட்டினாலே தீ மூட்டினார் என்று அவர் வரலாறு கூறும். அப்போது அவர் பாடியவை இன்றளவும் நம் சுடுகாடுகளில் ஒலிக்கின்றன. துறவிக்கு என்ன அழுகை என்று எந்தச் சைவனும் அவரைக் கேட்டதில்லை. பத்து மாதம் சுமந்தவளுக்கு எரியூட்டும் கை நடுங்காதிருந்தால்தான் கேட்க வேண்டும். கானாப் பாடகர்கள் தம் பாட்டிலே யாக்கை நிலையாமையைப் பாடும்போது பட்டினத்தாரின் சாயல் அங்கே படிந்திருப்பதைக் காதுடையோர் அறிவர். அந்தச் சன்னலைச் சாத்திய அன்பர், சாத்தியது யார் முகத்தில் என்று எண்ணிப் பார்த்தல் நலம்.

தீட்டு என்னும் பேச்சு எழும். குளித்தால் தீட்டு நீங்கும். நூல்கள் விதித்த முறை அதற்கு உண்டு. ஆனால் பதினாறாம் நாள் கழிந்து, பந்தல் பிரித்து, வாடகை நாற்காலிகள் வண்டியேறிய பிறகு அந்த வீட்டில் விளக்கு வைத்துவிட்டுத் தனியே உட்கார்ந்திருக்கும் அம்மையாருக்கு விதி என்ன? திருமுறைக் கழக அன்பர்கள் இறப்பு நிகழ்ந்த வீடுகளுக்குச் சென்று திருவாசகம் ஓதி வருவது பெரிதும் போற்றத்தக்கது. அவ்வோதலைப் பதினாறோடு நிறுத்தாமல் நாற்பதாம் நாளும் அறுபதாம் நாளும் மாலையில் இருவராகச் சென்று, ஒரு பதிகம் பாடி, அந்த அம்மையார் ஏதேனும் பாட விரும்பினால் அது ஒப்பாரியாயினும் அமர்ந்து கேட்டு வந்தால் என்ன? இதற்குப் பொருட்செலவு இல்லை. குரலும் சிறந்திருக்க வேண்டியதில்லை. எந்தத் தெரு, யார் வீடு என்று பார்த்துப் போகாதிருத்தல் ஒன்றே வேண்டும். சாவு விழுந்த வீடுகளுள் நாம் போவன சில, போகாதன சில என்று இருப்பதை இச்சந்நிதியில் நின்று நாம் மறைத்துப் பேச இயலாது. இவ்வூரில் அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும்.

இன்னும் ஒருவரைச் சொல்லாமல் இப்பேச்சை முடிக்க மனம் வரவில்லை. நம்பிகள் ஒற்றியூர் எல்லையைக் கடந்தபோது அவர் துயரைப் பாடினார். நமக்குப் பதிகங்கள் கிடைத்தன. எல்லைக்கு இப்பால் நின்றவர் ஒருவர் உண்டு. சூள் பொய்த்தது அவருக்கு. மகிழடியில் கேட்ட சொல்லை நம்பியவர் அவர். சங்கிலியார் அன்றிரவு என்ன பாடினார்? பூத்தொடுக்கும் மண்டபத்தில் நாரும் பூவும் கையிலிருக்க, ஒரு கண்ணியேனும் முணுமுணுத்திருக்க மாட்டாரோ? பன்னிரு திருமுறையில் அதற்கோர் ஏடு இல்லை. அக்கடற்கரையில் இன்று மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு மாரில் அறைந்துகொண்டு பாடும் பெண்களின் பாட்டில் அஃது எங்கேனும் கலந்திருக்கலாம் என்று எண்ணிக்கொள்வது நமக்கு ஓர் ஆறுதல்.

ஓதுவாமூர்த்திகள் காத்திருக்கின்றார்கள். ஒற்றியூர்ப் பதிகம் பத்துப் பாட்டையும் விரைவின்றி, ஒவ்வொன்றாக நிறுத்தி ஓதும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கின்றோம். பின்வரிசையில் உள்ள தாய்மார்களும் வெளிப்பிராகாரத்தில் நிற்பவர்களும் முன்னே வந்து அமருங்கள், இடம் இருக்கின்றது.

திருச்சிற்றம்பலம்